சிங்கப்பூர் பிராஸ் பாசா பழைய புத்தகக் கடை: 28 வெள்ளி, கையோடு வந்த ஒரு காது

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தகம் அருமை. கடை பரவாயில்லை. ஆனால் பிளாஸ்டிக் தாள் சுற்றி டேப் ஒட்டி வைத்திருக்கும் எதையும் பிரித்துப் பார்க்காமல் அங்கே வாங்காதீர்கள். நான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து மூன்றாவது படத்தில் காதைப் பிடித்து இழுத்தால், காது மட்டும் தனியாகக் கையோடு வந்தது.

காது என்று நான் சொல்வது, பக்கத்தின் ஓரத்தில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன அட்டைத் துண்டை. அதை இழுத்தால் படம் மாற வேண்டும். இது விக்டோரியா மகாராணி காலத்துப் பிள்ளைகளின் விளையாட்டுப் புத்தகம் ஒன்றின் மறுபதிப்பு. மூலம் 1890களில் ஜெர்மனியில் அச்சாகி லண்டனில் விற்ற வகை, என் கையில் இருப்பது 1980களில் திரும்ப அச்சிட்டது. மொத்தம் ஆறு படங்கள். ஒவ்வொரு படமும் ஐந்து கீற்றுகளாக வெட்டப்பட்டிருக்கிறது, அடியில் இன்னொரு படம் அதே ஐந்து கீற்றுகளாக ஒளிந்திருக்கிறது, காதை இழுத்தால் கீழே இருக்கும் கீற்றுகள் மேலே ஏறி முதல் படத்தை மூடிவிடுகின்றன. பழைய வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் அடுக்கடுக்காகக் கண்ணாடி வைத்த ஜன்னல் இருக்குமே, கம்பியை இழுத்தால் எல்லாக் கண்ணாடியும் ஒன்றாகத் திரும்புமே, ஏறக்குறைய அந்த வேலைதான். கடற்கரையில் மணல் வீடு கட்டும் பிள்ளைகள் இருந்த இடத்தில், ஒரு இழுப்பில், பனியில் சறுக்கும் பிள்ளைகள். நடுவில் ஒரு அரை நொடி இரண்டு படமும் கலந்து, பாதி மணல், பாதி பனி. அந்த அரை நொடிக்குத்தான் காசு.

கடையைப் பற்றிச் சொல்கிறேன். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் தெரியாதவர்கள் இங்கே குறைவு. 1980இல் திறந்த கட்டடம், சீனர்கள் அதைப் புத்தக நகரம் என்றே அழைப்பார்கள், எதிரே தேசிய நூலகம் 16 மாடி உயரத்துக்கு நிற்கிறது. பள்ளிப் பாடநூல், தூரிகை, பேனா, கண்ணாடிக் கடை என்று எல்லாம் கலந்து கிடக்கும். நான் போன கடை மேல் மாடியில் ஒரு மூலை. பெயர் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் குறை சொல்லப்போகிறேன், அந்த அங்கிள் மோசமானவரும் இல்லை. உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மூச்சை உள்ளிழுத்துக்கொள்ள வேண்டும். ஈரப்பதம் உறிஞ்சும் மெஷின் ஒன்று மூலையில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதற்கே அரை நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கலாம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் பழைய தாள் இரண்டு வருடத்தில் பழுப்புப் புள்ளி விழுந்து, இராமபாணப் பூச்சிக்குச் சாப்பாடாகிவிடும். அவருடைய அலமாரியில் அந்த வாடை இல்லை.

குறை என்னவென்றால், விலை கூடிய புத்தகங்களை எல்லாம் தாளில் சுற்றிவிடுகிறார். "பிரித்துக் காட்டுங்கள் அங்கிள்" என்றேன். "எல்லாம் ஓகே லா பாஸ், நான் பார்த்துவிட்டேன்" என்றார். என் மகளுக்கு வயது ஒன்பது, அவள் ஏற்கனவே வெளியே போய் எஸ்கலேட்டர் பக்கத்தில் நின்று காலைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவசரத்தில் 28 வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் மனைவி கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு இருபத்தெட்டா?" காது கையோடு வந்தபோது அவள் எதுவும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த நாள் திரும்பக் கொண்டுபோனேன். அங்கிள் காதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காசைத் திருப்பித் தர மனமில்லை. "வேறு ஏதாவது எடுத்துக்கொள்" என்று சொல்லி, பத்து வெள்ளி வரைக்கும் என்றார். வாதாடியிருக்கலாம். ஆனால் பக்கத்து அலமாரியில் என் கண் நின்றுவிட்டது. எனிட் பிளைட்டன், பிள்ளைகளுக்குக் கதை எழுதிய ஆங்கிலேய எழுத்தாளர். வழவழவென்று பிளாஸ்டிக் பூச்சு போட்ட கெட்டி அட்டை, உள்ளே காய்ந்த வெற்றிலை மாதிரிப் பழுத்த மட்டமான தாள். முதுகில் அடியில் சின்ன எழுத்தில் பதிப்பகத்தின் பெயர், டீன். எழுபது எண்பதுகளில் இங்கே வளர்ந்தவர்களுக்கு அந்த அட்டை தெரியும். பள்ளிப் புத்தகச் சந்தையில் மலிவாகக் கிடைத்தது, அப்பா அம்மாக்கள் மனம் கோணாமல் வாங்கிக்கொடுத்தது. நான் குவீன்ஸ்டவுன் பிள்ளை, பாதி நாள் அங்கே இருந்த கிளை நூலகத்தில்தான் கிடப்பேன், ஆனால் எனக்கே எனக்கு என்று இருந்த முதல் நாலைந்து புத்தகங்களும் டீன்தான். இரண்டு எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும்போது எம்ஆர்டி ரயிலில் முதல் பக்கத்தைத் திருப்பினேன். டீன் அண்ட் சன், லண்டன். ஐம்பது வயதில்தான் முதன்முதலாகத் தோன்றியது, யார் இந்த டீன், யார் அந்த மகன்?

அதற்குப் பிறகு ஒரு வாரம் இதையே தோண்டிக்கொண்டிருந்தேன். தோண்டியதில் தெரிந்தது: உடைந்த காதுக்கும் மலிவு பிளைட்டனுக்கும் ஒரே வீட்டில்தான் வேர்.

தாமஸ் டீன் என்பவர் லண்டனில் 1800க்கு முன்பே கடை போட்டுவிட்டார். அதாவது ராஃபிள்ஸ் 1819இல் நம் ஆற்றங்கரையில் கால் வைப்பதற்கு முன்பே அந்தக் குடும்பம் தொழிலில் இருந்தது. மகன் ஜார்ஜ் 1847இல் பங்காளி ஆகிறார், பெயர்ப்பலகையில் 'அண்ட் சன்' ஏறுகிறது. லட்கேட் ஹில்லில் கடை, பிற்பாடு ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் 160ஏ. இந்த முகவரிகளைச் சும்மா சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பிள்ளைகள் புத்தகத்தில் பெரும்பாலும் வருடம் போடமாட்டார்கள், போட்டால் அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பழைய சரக்காகிவிடும். அதனால் எந்த முகவரி அச்சாகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் புத்தகத்தின் வயதைக் கணக்குப் போடுவார்கள். லட்கேட் ஹில் என்றால் மூத்தது, ஃப்ளீட் ஸ்ட்ரீட் என்றால் இளையது. இணையத்தில் விக்டோரியா காலம், அசல் என்று எழுதி நூற்றுக்கணக்கான வெள்ளி கேட்பவர்களிடம் முகவரிப் பக்கத்தின் படத்தை முதலில் கேளுங்கள். அனுப்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அவர்கள் விற்றதை அங்கே டாய் புக் என்பார்கள். மெல்லிய புத்தகம், எட்டுப் பத்துப் பக்கம், பக்கம் முழுக்க வண்ணப்படம், அடியில் இரண்டு வரி. ஆறு பென்ஸ் என்பது இந்த வகைக்குப் பழகிப்போன விலை. வண்ணம் என்றதும் மெஷின் என்று நினைக்க வேண்டாம், ஆரம்பத்தில் எல்லாம் கைதான். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், பெண்களும் சிறுபிள்ளைகளும், ஒருவருக்கு ஒரு வண்ணம். சிவப்புக்காரர் எல்லாச் சட்டைக்கும் சிவப்பு பூசித் தள்ளுவார், அடுத்தவர் புல்லுக்குப் பச்சை. பழைய பிரதிகளின் படங்களைப் பார்த்தால் சிவப்பு சட்டையை விட்டு வழிந்து கன்னத்தில் ஏறியிருக்கும். பணக்காரப் பிள்ளை படிக்கும் புத்தகத்துக்கு ஏழைப் பிள்ளை வண்ணம் தீட்டியிருக்கிறது, இதை நினைக்காமல் அந்தப் படங்களை இப்போது என்னால் பார்க்க முடியவில்லை. (பச்சை என்றதும் இன்னொன்று. அந்தக் காலத்துப் பளிச்சென்ற பச்சைத் துணி அட்டைகள் சிலவற்றில் ஆர்சனிக் உண்டு. அசல் வாங்கும் யோகம் யாருக்காவது இருந்தால், தொட்டபின் கை கழுவுங்கள், பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.)

சரி, காதுக்கு வருகிறேன். 1850களில் டீன் வீட்டார் ஓவியர்களைச் சேர்த்துத் தனிப் பட்டறை வைத்து, அசையும் புத்தகங்களை உருவாக்க ஆரம்பித்தார்கள். 1856 வாக்கில் வந்த ஒரு வரிசையில், படத்தை மூன்று அடுக்காக வெட்டி, ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரு ரிப்பனால் கோத்துவிட்டார்கள். பக்கத்தோடு படுத்துக்கிடக்கும் அட்டையைத் தூக்கினால் காட்சி எழுந்து நிற்கும்: முன்னால் மரம், நடுவில் ஆள், பின்னால் வீடு. நம் ஊர்த் திருவிழாவில் ஒரு பெட்டிக்குள் கண்ணை வைத்துப் பார்ப்போமே, பயாஸ்கோப்பு, அதைப் புத்தகத்துக்குள் மடக்கி வைத்த மாதிரி. அப்புறம் 1860களில் இழுக்கும் காது வந்தது. பஞ்ச், ஜூடி என்று அங்கே ஒரு பொம்மலாட்டம், புருஷன் பெண்சாதியைத் தடியால் அடிப்பதும் அவள் திருப்பி அடிப்பதுமாக ஓடும். அதை ஒரு புத்தகமாக்கி, பக்கத்துக்கு அடியில் காது வைத்துவிட்டார்கள். பிள்ளை இழுக்க இழுக்கப் பஞ்ச் அடிப்பான். இதற்கு விளம்பரத்தில் உயிருள்ள படங்கள் என்று பெயர். என் மகளிடம் சொன்னேன், "இதுக்குப் போய் யாரு காசு குடுப்பா" என்றாள், பிறகு ஐந்து நிமிடம் கழித்து அந்தப் படம் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

கீற்றுப் படமும் அவர்கள் கடையில்தான் பிரபலமானது, 1860 வாக்கில். அப்போது லண்டனில் மாய விளக்குக் காட்சி பெரிய மோகம். இரண்டு விளக்கை வைத்து, ஒரு படம் மங்க மங்க இன்னொன்று தெளியும்படி திரையில் காட்டுவார்கள், கரையும் காட்சி என்று அதற்குப் பெயர். டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்க வேண்டிய அதிசயத்தை, டீன் வீட்டார் அதே பெயரோடு அட்டையும் பசையும் வைத்துப் பிள்ளை மடியில் கொண்டுவந்து வைத்தார்கள். என் 28 வெள்ளிப் புத்தகத்தின் பாட்டி அதுதான்.

அசையும் பிள்ளைப் புத்தகத்தைக் கண்டுபிடித்தவர்களே நாங்கள்தான் என்று 1860 வாக்கிலேயே அவர்கள் விளம்பரம் செய்துகொண்டார்கள். இது கடைக்காரர் பேச்சு, நம்ப வேண்டாம். ராபர்ட் சேயர் என்ற லண்டன் அச்சுக்காரர் 1760களிலேயே, மேலும் கீழும் மடிப்பைத் திறந்தால் கதை மாறும் தாள்களை விற்றிருக்கிறார். அதற்கும் பல நூறு வருடம் முன்பே வான சாஸ்திர ஏடுகளில் சுழலும் காகிதச் சக்கரம் உண்டு. டீன் குடும்பத்தின் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் கணக்கு. ஒன்றிரண்டு செய்வதை எல்லோரும் செய்யலாம், அதையே ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றையும் கையால் வெட்டி, கோத்து, ஒட்டி, அதற்கப்புறமும் ஒரு நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலைக்கு விற்பது எப்படி? 1860இலிருந்து 1900க்குள் ஐம்பது அளவில் அசையும் புத்தகங்களே போட்டிருக்கிறார்கள். காலமும் கைகொடுத்தது. 1861இல் பிரிட்டனில் தாள் மேல் இருந்த வரி போனது, 1870இல் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது, வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் பெருகினார்கள்.

இதே வீட்டார்தான் 1860களிலிருந்து பிரபுக்கள் குடும்ப விவரத் தொகுப்பான டிபிரெட்டையும் வெளியிட்டவர்கள். எந்தக் கோமானுக்கு யார் வாரிசு, யார் யாரைக் கட்டினார்கள் என்று தடித்தடியாய் வரும். ஒரு பக்கம் கோமான்கள், மறுபக்கம் பெண்டாட்டியை அடிக்கும் பொம்மை. இரண்டுக்கும் ஒரே கல்லாப்பெட்டி. எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்துவிட்டது.

ராஜ்யம் என்றைக்கும் ஒருவரிடமே இருக்காது. 1880களில் ஜெர்மன் அச்சுக்காரர்கள் வந்தார்கள். கல்லச்சில் ஒரு படத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கல், ஒவ்வொரு கல்லிலும் ஒரு வண்ணம், கன்னம் கன்னமாகவே தெரியும், சிவப்பு வழியாது. மியூனிக்கில் மெகன்டார்ஃபர் என்ற ஓவியர், ஒரே காதை இழுத்தால் ஆளின் கை, வாய், கண், பின்னால் நிற்கும் நாய் எல்லாம் தனித்தனியாக அசையும்படி, உள்ளே மெல்லிய செப்புக் கம்பிச் சுருளால் முடிச்சுப் போட்டுச் செய்தார். நூரெம்பெர்க்கின் நிஸ்டர் அச்சகம், லண்டனில் ரஃபேல் டக் குடும்பம் என்று போட்டி கூடிவிட்டது. டக் கடையில் 'அண்ட் சன்ஸ்', பன்மை. பிரஷ்யாவிலிருந்து வந்த குடும்பம், 1866இல் தொடங்கியது, அவர்களுடைய மாளிகையும் உள்ளே இருந்த மூலப் படங்களும் 1940 டிசம்பர் 29 இரவு குண்டுவீச்சில் எரிந்துபோயின. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மனி அச்சும் நின்றது, இந்த அசையும் புத்தகங்களின் முதல் ஆட்டமும் அதோடு முடிந்தது.

டீன் குடும்பத்திலிருந்து ஹென்றி சாமுவேல் டீன் 1903இல் இன்னொரு வழியைப் பிடித்தார். துணிப் புத்தகம். உடுப்பைச் சாப்பிட்டுச் சாப்பாட்டை உடுத்திக்கொள்ளும் வயதுப் பிள்ளைகளுக்காக என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். முத்திரையில் இரண்டு நாய்கள், ஒரு புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் கடித்து இழுக்கும், புத்தகம் கிழியாது. பதிப்பக முத்திரை என்றால் விளக்கு, ஆந்தை, வீணை என்றுதான் பார்த்திருக்கிறேன், நாய்ச்சண்டையைப் போட்ட தைரியம் வேறு யாருக்கு வரும்! அந்தக் கம்பெனி 1915இலிருந்து கரடிப் பொம்மையும் செய்தது, பழைய பொம்மை சேர்ப்பவர்களுக்கு டீன் என்றால் இன்றைக்கும் கரடிதான். பழைய பதிப்பகப் பெயர் இன்னொரு பாதையில் போய், எங்கள் தலைமுறைக்கு மலிவு பிளைட்டனாக வந்து சேர்ந்தது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு நினைவு வந்தது பாட்டியின் டிரங்குப் பெட்டி. அதில் பெரிய எழுத்துப் புத்தகங்கள் நாலைந்து இருக்கும், சென்னையிலிருந்து கப்பலில் வந்தவை, பி. இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ். அங்கேயும் ஸன்ஸ்! ராஜா ராணிக் கதை, பழுப்புத் தாள், எண்ணெய் விளக்கில் படிக்கத் தோதாகக் கொட்டை எழுத்து, நடுநடுவே மரக்கட்டையில் செதுக்கிய படம். லண்டனில் டீன் செய்ததை ஏறக்குறைய அவர்கள் சென்னையில் செய்திருக்கிறார்கள்: மலிவு, படம், எல்லோர் வீட்டுக்கும் எட்டுவது. ஒரு வித்தியாசம், நம்முடையதில் எதுவும் எழுந்து நிற்காது, பாட்டி ராகம் போட்டு வாசிக்கும்போது அந்த வேலையை அவள் குரல் பார்த்துக்கொண்டது. (பெயர்ப்பலகையில் மகன், மகன்கள். வண்ணம் பூசியதும் வாசித்துக் காட்டியதும் பெண்கள். அதைப் பலகையில் எழுத யாருக்கும் தோன்றவில்லை.) இந்த ஊரிலேயே 'சிங்கை நேசன்' 1887இல், மகாராணியின் பொன்விழா வருடத்தில், தமிழில் வாராவாரம் அச்சாகியிருக்கிறது. டீன் கடையில் காதுகள் ஒட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் இங்கேயும் ஒருவர் ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துக்கொண்டிருந்தார்.

இனி மறுபதிப்பைப் பற்றிக் கறாராக. தாள் கனம் நன்று, மூலைகள் மழுங்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, ஒழுங்கான வரிசையில். அதாவது பழைய பிரதியைப் புகைப்படம் எடுத்து ஆஃப்செட்டில் அடித்திருக்கிறார்கள். அசலில் கல்லச்சுப் புள்ளி மணல் தூவியது மாதிரி ஒழுங்கில்லாமல் இருக்கும். இது ஏமாற்று இல்லை, மறுபதிப்பு என்று பின்னட்டையிலேயே போட்டிருக்கிறது, ஆனால் வண்ணம் கொஞ்சம் வெளிறியிருப்பதற்கு இதுதான் காரணம். முன்னுரை கிடையாது, யார் செய்தார்கள், எந்த வருடம், ஒன்றும் இல்லை. பெரியவர்கள்தான் இதை வாங்குவார்கள் என்று தெரிந்தும் ஒரு பக்கம் எழுத வலித்திருக்கிறது. பாட்டு வரிகள் அசடு வழிகின்றன, அது மறுபதிப்பின் குற்றமில்லை, மூலத்திலேயே அப்படித்தான்.

பின்னட்டையில் இன்னொரு வரி: சிங்கப்பூரில் அச்சிடப்பட்டது. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் உலகச் சந்தைக்கான எழுந்து நிற்கும் புத்தகங்களில் பெரும்பங்கு கையால் ஒட்டப்பட்டது இரண்டு ஊர்களில், ஒன்று தென்னமெரிக்காவில் கொலம்பியா, இன்னொன்று நம் ஊர். தியன் வா அச்சகத்தின் பெயரைப் பல நல்ல பாப்-அப் புத்தகங்களில் பார்க்கலாம். மெஷின் அச்சடிக்கும், வெட்டும், ஆனால் இன்றுவரைக்கும் ஒட்டுவதும் கோப்பதும் கைதான். ஒரு மேசைக்கு ஒரு வேலை, ஆறு பேர் பத்துப் பேர் வரிசையாக. லண்டனில் வண்ணம் பூசியவர்களின் மேசை, நூறு வருடம் கழித்து இங்கே வந்து நின்றிருக்கிறது. என் புத்தகத்தின் காதை ஒட்டிய ஆன்ட்டி இப்போது எந்த வட்டாரத்துக் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கிறாரோ.

உடைந்ததை நானே ஒட்டினேன். அப்பா சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர், வீட்டுக்கு வந்தால் விரல் இடுக்கில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருக்கும். அவர் சொல்லித்தந்த மைதா பசைதான் எனக்குத் தெரியும்: ஒரு பங்கு மாவு, ஐந்து பங்கு தண்ணீர், சின்ன நெருப்பு, கட்டி விழாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், கரண்டியில் எடுத்தால் தயங்கித் தயங்கி விழ வேண்டும். அவர் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார், பூச்சி வராது. நான் போடவில்லை, மகள் தொடும் புத்தகம், துத்தம் விஷம். பக்கத்தின் பின் ஓரத்தைக் கத்தி முனையால் இரண்டு அங்குலம் பிரித்து உள்ளே டார்ச் அடித்தேன். அழகு! ஐந்து கீற்றுகளும் அடியில் ஒரே முதுகுப்பட்டையில் ஒட்டியிருக்கின்றன, அந்தப் பட்டை இரண்டு காகித வளையத்துக்குள் ஓடுகிறது, காது அதன் நுனியில் ஒட்டிய இரண்டாவது துண்டு. அந்த ஒட்டு காய்ந்துபோய் விட்டுவிட்டது, அவ்வளவுதான். பசை நாற்பது வருடம் தாங்கியதே பெரிது. அதே கட்டடத்தில் இருக்கும் ஓவியப் பொருள் கடையில் ஜப்பானிய மெல்லிய தாள் வாங்கி, இரண்டு பக்கமும் பட்டி போட்டு, மேலே கனமான அகராதியை வைத்து ஒரு இரவு விட்டேன். அப்பாவிடம் மடிப்பைத் தேய்க்க ஒரு எலும்புத் துண்டு இருந்தது, என்னிடம் இல்லை, ஸ்பூன் காம்பால் தேய்த்தேன். காலையில் இழுத்தேன். மணல் போய்ப் பனி வந்தது. ஒரு கீற்று மட்டும் அரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, ஒரு பிள்ளையின் மூக்கு கொஞ்சம் கோணல்.

யாருக்கு வாங்கலாம்? ஐந்து வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம், பத்து நிமிடத்தில் ஆறு காதும் போய்விடும், அவர்களுக்கு நாய்கள் இழுத்தாலும் கிழியாத துணிப் புத்தகம்தான் சரி. ஏழு எட்டு வயதில் பொறுமை உள்ள பிள்ளை என்றால் சரிப்படும். காதை நேராக, மெதுவாக, பக்கத்தை மற்றக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு இழுக்கச் சொல்லித்தர வேண்டும். குளிர்சாதன அறையில் வைத்து எடுத்தவுடன் இழுக்காதீர்கள், தாள் விறைத்திருக்கும். வரைகலை, அச்சு, பொம்மை என்று ஏதாவது ஒன்றில் பைத்தியம் உள்ள பெரியவர்களுக்கு 28 வெள்ளி நியாயமான விலைதான், இணையத்தில் கப்பல் செலவோடு இதைவிடக் கூடுதலாகவே ஆகும். அசல் வேண்டும், முதலீடு என்று நினைப்பவர்கள் பேசாமல் வேறு எதிலாவது காசைப் போடுங்கள்.

புத்தகத்துக்கு ஐந்தில் நாலு. கடைக்கு மூன்று, மெஷினுக்கு அரை, ஆக மூன்றரை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் போனால்தான் ஆள் இருப்பார், ரொக்கம் கொடுத்தால் முகம் மலரும். மகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் முதலில் கீழே ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.

போன சனிக்கிழமை திரும்பப் போனேன். அதே மூலை அலமாரியில் இன்னொரு இழுப்புப் புத்தகம், தாள் சுற்றவில்லை, முன்னட்டையில் பென்சிலால் அங்கிளின் கையெழுத்து: ஐந்தாம் பக்கம் ஓடாது. கீழே 30 என்று எழுதியதை அடித்து 12. வாங்கிவிட்டேன். பசை ஃப்ரிட்ஜில் இருக்கிறது, மனைவி அதைத் தோசை மாவு என்று நினைக்காத வரைக்கும்.